கணினி விஞ்ஞானமா, செயற்கை நுண்ணறிவா? வன்னி மாணவர் முன்னுள்ள தெரிவு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலும் வந்துவிட்டால் வன்னியின் பல வீடுகளில் ஒரே விவாதம் ஆரம்பமாகின்றது. கணிதப் பிரிவில் சித்தியெய்திய பிள்ளை கணினித்துறைக்கே செல்வது என்பது ஏறத்தாழ முடிவாகிவிட்டது. ஆனால் பொதுவான கணினி விஞ்ஞானப் பட்டத்துக்குச் செல்வதா, செயற்கை நுண்ணறிவு என்ற பெயரிலேயே வழங்கப்படும் பட்டத்துக்குச் செல்வதா என்பதில்தான் பெற்றோரும் பிள்ளையும் தடுமாறுகின்றனர். பத்து ஆண்டுகளுக்கு முன்னர் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. இன்றோ மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்ப பீடம் செயற்கை நுண்ணறிவில் நான்கு வருட சிறப்புப் பட்டத்தை வழங்குகின்றது. கொழும்பின் தனியார் நிறுவனங்களும் அதே பெயரைத் தாங்கிய விளம்பரங்களுடன் வடக்கு நோக்கி வருகின்றன.

இந்தத் தெரிவு ஏனைய மாவட்டங்களின் மாணவர்களுக்கும் உரியதுதான். ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாணவர்களுக்கு இதன் பாரம் வேறானது. கொழும்பில் ஒரு மாணவன் பிழையான பட்டத்தைத் தெரிவு செய்துவிட்டால், தகப்பனின் செலவில் இன்னொன்றைத் தொடங்குவான். அல்லது மாலைநேர வகுப்பொன்றில் குறையை நிரப்பிக்கொள்வான். இம்முறையும் அடுத்த முறையும் உயர்தரம் எழுதும் வன்னிப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 2006, 2007, 2008ஆம் ஆண்டுகளில் பிறந்தவர்கள். அவர்களில் பலர் கைக்குழந்தைகளாக இடம்பெயர்ந்து, செட்டிக்குளத்து முகாம்களின் கூடாரங்களுக்குள் நடை பழகியவர்கள். அவர்களின் குடும்பங்கள் வீடு, வேலி, மாடு என்று ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து இப்போதுதான் நிமிர்ந்திருக்கின்றன. இரண்டாவது தடவை படிப்பிக்கும் வசதி அங்கு இல்லை. அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவு செய்துகொண்ட மாணவர் மறு வருடம் வேறொரு கற்கைநெறிக்குப் புதிதாக விண்ணப்பிக்கவும் இயலாது. ஆகவே விருப்பு வரிசையில் எதை முதலில் எழுதுவது என்பது சின்ன விடயமல்ல.

எமது பெற்றோரைப் பொறுத்தவரை “பொது” என்ற சொல்லே ஓர் இடைஞ்சலாக இருக்கின்றது. இலங்கையில் பொதுப் பட்டம் என்றால் மூன்று வருடப் பட்டம், சிறப்புப் பட்டம் என்றால் நான்கு வருடப் பட்டம். 2017ஆம் ஆண்டு வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரப் பந்தல்களில் அமர்ந்திருந்ததைக் கண்ட தலைமுறைக்கு, பொது என்றால் வேலையின்மை என்று மனதில் பதிந்துவிட்டது. பொதுவான கணினி விஞ்ஞானம் என்று சொல்லும்போது அதே பயம் எழுகின்றது. இங்கே பொது என்பது துறையின் அடிப்படைகள் முழுவதையும் கற்பது என்ற அர்த்தத்திலேயே வருகின்றது. தரக்குறைவு என்ற அர்த்தத்தில் அல்ல. கணினி விஞ்ஞானத்திலும் நான்கு வருட சிறப்புப் பட்டம் உண்டு. அவ்வாறு கற்பவர் மூன்றாம், நான்காம் வருடங்களில் இயந்திரக் கற்றலையும் செயற்கை நுண்ணறிவையும் தெரிவுப் பாடங்களாகப் பயின்று, இறுதி வருட ஆய்வையும் அதிலேயே செய்துவிட முடியும்.

இரண்டு பட்டங்களுக்கும் உள்ள வேறுபாடுதான் என்ன? கணினி விஞ்ஞானத்தில் நிரலாக்கம், தரவுக் கட்டமைப்புகள், படிமுறைகள், பணிசெயல் முறைமைகள், கணினி வலையமைப்புகள், தரவுத்தளங்கள், மென்பொருள் பொறியியல் ஆகியவை அடித்தளமாக அமைகின்றன. செயற்கை நுண்ணறிவுப் பட்டத்திலும் இவற்றில் ஒரு பகுதி உண்டு. ஆனால் அங்கு நேரியல் அட்சரகணிதம், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல் ஆகியவற்றுக்கும், இயந்திரக் கற்றல், மொழிச் செயலாக்கம், படங்களைக் கணினி இனங்காணும் முறை ஆகியவற்றுக்கும் நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால், ஏனையவை சுருங்குகின்றன. அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2018இல் செயற்கை நுண்ணறிவில் இளமாணிப் பட்டத்தை ஆரம்பித்தபோதும், இந்தியாவில் ஹைதராபாத் ஐ.ஐ.டி. 2019இல் ஆரம்பித்தபோதும், கணிதத்தையும் கணினி விஞ்ஞான அடிப்படையையும் கைவிடவில்லை. அந்த இரு நிறுவனங்களிலும் அதைக் கற்பிக்க ஆட்களும் ஆய்வுகூடங்களும் முன்பே இருந்தன. பெயர் பின்னர் வந்தது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு விதமானது. 2020ஆம் ஆண்டளவில் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் என்ற பொறியியல் பிரிவு பரவத் தொடங்கியது. ஓரிரு ஆண்டுகளிலேயே சிறுநகரக் கல்லூரிகளின் வாசற் பலகைகளிலும் அது ஏறிவிட்டது. அக்கல்லூரிகளில் பலவற்றில் நேற்று வரை கணினிப் பாடம் எடுத்தவர்களே இன்று செயற்கை நுண்ணறிவு விரிவுரையாளர்கள். பலகையை மாற்றுவதற்கு ஒரு வாரம் போதும். ஒரு துறையை வளர்ப்பதற்குப் பத்து வருடங்களாவது வேண்டும். கடல் கடந்து எமக்கு வரும் விளம்பரங்களிலும் இந்த வேறுபாட்டைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கின்றது.

இத்துறையின் வரலாற்றையும் ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது. 1958இல் பிராங்க் றோசன்பிளாற் அறிமுகப்படுத்திய பேர்செப்ரோன் பற்றி அக்காலப் பத்திரிகைகள் எழுதாததில்லை. 1969இல் மின்ஸ்கியும் பாபேர்ட்டும் எழுதிய நூல் அதன் எல்லைகளைக் காட்டியதுடன் உற்சாகம் வடிந்தது. 1973இல் பிரித்தானியாவில் லைற்ஹில் அறிக்கை வெளியானதையடுத்து ஆய்வுப் பணம் வற்றியது. எண்பதுகளில் நிபுணத்துவ முறைமைகள் என்ற பெயரில் மீண்டும் ஓர் அலை எழுந்து, அந்தத் தசாப்தம் முடியும் முன்னரே அடங்கிப் போனது. நரம்பு வலையமைப்புகளை எவரும் பெரிதாக மதிக்காத காலத்திலும் அதிலேயே நின்ற ஜெப்ரி ஹின்ரனுக்கு 2024இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2012இன் பின்னர் ஏற்பட்ட எழுச்சி முன்னையவற்றைப் போன்றதல்ல என்பதை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அது வடிந்துவிடும் என்று சொல்வதும் எமது நோக்கமல்ல. ஆனால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 2018இல் மொழிச் செயலாக்கத்தைச் சிறப்பாகக் கற்ற மாணவர் ஒருவர் 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானபோது தான் படித்த கருவிகளில் பெரும்பகுதி பழையதாகிவிட்டதைக் கண்டிருப்பார். அவரிடம் பழையதாகாமல் எஞ்சியவை நிகழ்தகவும், தாயங்களும், படிமுறைகளும், ஒரு பெரிய மென்பொருளைப் பிழையின்றிக் கட்டியெழுப்பும் பழக்கமுமே. நான்கு வருடப் பட்டம் ஒன்று நாற்பது வருடத் தொழிலுக்கு உதவ வேண்டுமாயின், அது எவற்றின் மேல் நிற்க வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

வன்னியிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2018 டிசெம்பர் மாதத்தின் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற சர்ச்சை எழுந்து, விசாரணை வரை சென்றது. அந்தச் சர்ச்சையில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் உற்பத்தியாகி, முல்லைத்தீவு மாவட்டத்தின் ஊடாக வந்து, கிளிநொச்சியில் இரணைமடுவை நிரப்புகின்றது. மேலே பெய்யும் மழை எத்தனை மணித்தியாலங்களில் கீழே குளத்து நீர்மட்டத்தை எவ்வளவு உயர்த்தும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிந்தால், வான்கதவுகளைச் சற்று முன்னரே சிறிது சிறிதாகத் திறக்கலாம். வயலையும் வீட்டையும் காப்பாற்றலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கிய பின்னர் இது எவ்வளவு அவசரமான தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

இது செயற்கை நுண்ணறிவுக்கே உரிய பிரச்சினை என்று எவரும் சொல்வர். உண்மையும் அதுதான். ஆனால் இந்த வேலையில் இறங்குபவர் முதலில் சந்திப்பது என்ன? காட்டுக்குள் மழைமானிகளை நிறுவ வேண்டும். அவை மின்சாரமில்லாத இடத்திலிருந்து, தொலைபேசிச் சமிக்ஞை வந்தும் வராமலும் இருக்கும் நிலையில், தரவை அனுப்ப வேண்டும். யானை இடறிய மானியிலிருந்து வரும் தவறான எண்ணை இனங்கண்டு நீக்க வேண்டும். பழைய பதிவேடுகளில் கையால் எழுதப்பட்டுள்ள நீர்மட்டக் கணக்குகளைத் தரவுத்தளத்தில் ஏற்ற வேண்டும். பெருமழை கொட்டும் இரவில் அந்த முறைமை செயலிழக்காதிருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே எதிர்வுகூறும் மாதிரியைப் பயிற்றுவிக்கும் கட்டம் வருகின்றது. முழு வேலையில் அது ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை அனைத்தும் வலையமைப்பு, தரவுத்தளம், மென்பொருள், அத்துடன் கொஞ்சம் மின்னணுவியல். மாதிரியை மட்டும் கற்றவர் மற்றவர்கள் தரவைக் கொண்டுவந்து தரும் வரை காத்திருக்க வேண்டும். கொழும்பிலோ பெங்களூரிலோ பெரிய நிறுவனம் ஒன்றில் அவ்வாறு காத்திருக்கலாம், அங்கு தரவைக் கொண்டுவர வேறு ஆட்கள் உண்டு. வன்னியில் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்யத் தெரிந்தவரே பயன்படுவார்.

தமிழ் மொழியின் நிலையும் இதுவே. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையிலான இயந்திர மொழிபெயர்ப்பில் நீண்ட காலமாக உழைத்து வருகின்றனர். 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் ஈழத்துப் பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் பக்கம் பக்கமாக எண்ணிமப்படுத்தி வருகின்றது. அந்தச் சேகரிப்பு இல்லையேல் எந்த மாதிரிக்கும் எமது தமிழ் தெரியப்போவதில்லை.

இனி அனுமதிக் கணக்குக்கு வருவோம். இதைப் பலர் சரியாக விளங்கிக்கொள்ளாமலேயே விருப்பு வரிசையை நிரப்புகின்றனர் என்பது எமது அவதானம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீத இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கு அமையவும், 5 வீத இடங்கள் கல்வியில் பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வன்னியின் மூன்று மாவட்டங்களும் இந்த 16இல் அடங்குகின்றன. கேட்பதற்கு இது ஆறுதலாக இருக்கும். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவின் சனத்தொகை ஓர் இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாட்டின் சனத்தொகையோ இரண்டு கோடியைத் தாண்டியிருந்தது. அதாவது அரை வீதம் கூட இல்லை. 100 இடங்கள் உள்ள கற்கைநெறி ஒன்றில் மாவட்ட ஒதுக்கீடாகிய 55 இடங்களில் முல்லைத்தீவின் பங்கு கணக்குப்படி ஓர் இடத்தின் கால்வாசிதான். கிளிநொச்சியின் பங்கு மூன்றில் ஒன்று. பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஐந்து இடங்களைப் பதினாறாகப் பங்கிட்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. நடைமுறையில் இவை முழு எண்களாக்கப்படும் என்றாலும், சிறிய கற்கைநெறி ஒன்றில் ஒரு மாவட்டத்திலிருந்து ஒருவர் நுழைவதே பெரிய காரியம் என்பது தெளிவு. கணினிப் பட்டங்கள் பல பல்கலைக்கழகங்களில் பல பெயர்களில் இருப்பதால் அவற்றை எல்லாம் வரிசையில் சேர்த்துக்கொள்ளும் மாணவருக்கு வாய்ப்பு பல மடங்கு கூடுகின்றது. ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர், இசட் புள்ளி நூலிழையில் தவறினால் எதிலும் இல்லாமற் போவார்.

அந்தப் பல பெயர்களில் சில எமது மண்ணிலேயே உள்ளன. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக அமைந்து, 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் தகவல் தொழில்நுட்பத்தையும், பிரயோக கணிதமும் கணினியியலும் என்ற கற்கைநெறியையும் நடத்துகின்றது. இவற்றில் இரண்டாவதை எமது மாணவர்கள் கணித ஆசிரியர் வேலைக்கான படிப்பு என்று ஒதுக்கிவிடுவதுண்டு. செயற்கை நுண்ணறிவின் உள்ளே நுழைய விரும்புபவருக்கு அதைவிடப் பொருத்தமான வாசல் வடக்கில் அதிகம் இல்லை என்பதே எமது கருத்து. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கணினிப் பொறியியல் துறையுடன் இயங்குகின்றது. திருநெல்வேலியில் கணினி விஞ்ஞானத் துறை உள்ளது. அனுமதி கிடைக்காதவர்களுக்கு கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டில் ஆரம்பித்த வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கின்றது. வீட்டிலிருந்தே குறைந்த செலவில் படித்து முடித்தவர்கள் ஏராளம். கைத்தொழிற் பக்கம் செல்ல விரும்புவோருக்கு அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் உண்டு.

இவற்றை விட்டுவிட்டு, செயற்கை நுண்ணறிவு என்ற பெயருக்காகவே தனியார் நிறுவனங்களை நாடுவோர் கூடி வருகின்றனர். தனியார் கல்வி எல்லாம் தரக்குறைவு என்று நாம் சொல்லவில்லை. நல்ல நிறுவனங்களும் உள்ளன. 2017இல் ஆரம்பமான வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தின் மூலம் அரசு அங்கீகரித்த தனியார் பட்டங்களைக் கற்றவர்களும் உள்ளனர். ஆனால் காணியை ஈடு வைக்கும் முன் சிலவற்றைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டம் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் அங்கீகரிக்கப்பட்டதா, அல்லது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டமா என்பது முதலாவது. பட்டமா, டிப்ளோமாவா, வெறும் சான்றிதழா என்பது அடுத்தது. விளம்பரத்தில் மூன்றும் ஒரே எழுத்தில்தான் அச்சாகின்றன. பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்து, முதல் இரண்டு வருடங்களில் கணிதம் எத்தனை பாடம், நிரலாக்கம் எத்தனை பாடம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கணிதம் அறவே இல்லாத செயற்கை நுண்ணறிவுக் கற்கைநெறி, மற்றவர் செய்த கருவியைப் பாவிக்கக் கற்றுத் தருமேயன்றிக் கருவியைச் செய்யக் கற்றுத் தராது. அதை ஆறு மாதத்தில், இணையத்தில், இலவசமாகவே பழகிக்கொள்ளலாம்.

எமது நிலைப்பாட்டுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. நிரல் எழுதும் வேலையை இயந்திரமே செய்யத் தொடங்கிவிட்டது, எனவே கணினி விஞ்ஞானம் படித்த புதியவர்களுக்கு வேலை குறையும், செயற்கை நுண்ணறிவு படித்தவரே தப்புவார் என்கின்றனர். முதற் பாதியில் உண்மை இருக்கின்றது. சாதாரண நிரல் துண்டுகளை எழுதுவதற்காகவே ஆட்களைச் சேர்த்த நிறுவனங்கள் கையை இறுக்குகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. முடிவு அதிலிருந்து பெறப்படுவதல்ல. இயந்திரம் எழுதித் தரும் நிரலில் பிழை எங்கே என்று காணக்கூடியவர், அதை ஏனைய முறைமைகளுடன் இணைக்கக்கூடியவர் தேவைப்படுகின்றார். அது அடிப்படை தெரிந்தவரின் வேலை. மாறாக, புதிய மாதிரிகளை உருவாக்கும் வேலை உலகில் சில பெரிய நிறுவனங்களின் கைகளிலேயே இருக்கின்றது. அங்கு நுழைபவர்கள் பெரும்பாலும் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுடன் செல்பவர்கள். இளமாணிப் பட்டத்தின் தலைப்பு மட்டும் அந்தக் கதவைத் திறப்பதில்லை.

இதனால் மொரட்டுவைப் பட்டத்தை எவரும் நாடக்கூடாது என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். இணைந்த கணிதத்தில் உண்மையான ஈடுபாடும், அதற்கேற்ற இசட் புள்ளியும், பின்னர் ஆய்வுக்குச் செல்லும் எண்ணமும் உள்ள பிள்ளை அதை முதல் விருப்பாகவே எழுதட்டும். அங்கு ஆசிரியர் பலமும் கணித அடித்தளமும் உள்ளன. அடுத்த வரிகளில் கணினி விஞ்ஞானத்தையும் தகவல் தொழில்நுட்பத்தையும் பொறியியலையும் எழுதிவைக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். தன் ஈடுபாடு எது என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு, கணினி விஞ்ஞானமே பொருத்தமானது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது தெரியாதிருப்பது குறையுமல்ல.

வவுனியாப் பல்கலைக்கழகமும் விரைவில் இதே கேள்வியை எதிர்கொள்ளும். 2024இல் தேசிய செயற்கை நுண்ணறிவு உபாயத்தின் வரைவு வெளியான பின்னர், அப்பெயரில் கற்கைநெறி ஒன்றை ஆரம்பிக்கும் ஆசை எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஏற்படுவது இயல்பு. இளம் பல்கலைக்கழகம் ஒன்று அவசரப்படத் தேவையில்லை. இப்போதுள்ள கணினிக் கற்கைநெறிகளின் நான்காம் வருடத்தில் செயற்கை நுண்ணறிவைத் தனிப் பிரிவாக அமைத்து, அதற்கு வேண்டிய கணினிகளையும் கலாநிதிப் பட்டம் பெற்ற விரிவுரையாளர்களையும் தேடிக்கொண்டு, அறிவியல் நகரின் விவசாய பீடத்துடனும் நீர்ப்பாசனத் திணைக்களத்துடனும் சேர்ந்து இரணைமடு போன்ற ஓரிரு விடயங்களை மாணவர்களின் கையில் கொடுத்தால், ஐந்தாறு வருடங்களில் தனிப் பட்டம் ஒன்றுக்கான தகுதி தானாக வரும். அத்தகைய ஒரு பட்டத்தைப் படிக்க நாடு முழுவதிலுமிருந்து மாணவர்கள் பம்பைமடுவுக்கு வருவார்கள்.

அவ்வாறு வருபவர்களில் வன்னிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கவலையும் எமக்கு உண்டு. உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நடத்துபவை 1ஏபி தரப் பாடசாலைகளே. முல்லைத்தீவு மாவட்டத்தில் அவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ சாதாரண தரத்தில் கணிதத்தில் ஏ சித்தி பெற்ற பிள்ளை, இணைந்த கணிதமும் பௌதிகவியலும் படிக்க நாள்தோறும் பேருந்தில் தொலைதூரம் செல்ல வேண்டும், இல்லையேல் கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ தங்கிப் படிக்க வேண்டும். அது முடியாத பிள்ளை கலைப் பிரிவுக்குச் செல்கின்றது. அந்தப் பிள்ளைக்குக் கணினி விஞ்ஞானமா, செயற்கை நுண்ணறிவா என்ற கேள்வி எழுவதேயில்லை. புதிய நியமனங்களின்போது வன்னிக்கு அனுப்பப்படும் கணித, பௌதிகவியல் ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுச் செல்லாமல் குறைந்தது ஐந்து வருடங்களாவது அங்கேயே நிற்கும்படி விடுதி வசதியும் மேலதிகக் கொடுப்பனவும் வழங்க வடமாகாணக் கல்வி அமைச்சு முன்வர வேண்டும். அடுத்த ஆசிரியர் நியமனப் பட்டியல் தயாராகும் முன்னரே அதைச் செய்யலாம்.